பழைய காரின் பின்பக்கம் இரைகிறதா? யாழ்ப்பாணத்தில் புதிதாகப் பழைய கார் வாங்கியவர்களுக்கு

மணிக்கு 45, 50 கிலோமீற்றரைத் தாண்டியதும் பின் சீற்றுக்குக் கீழிருந்து ‘ஊம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல். வேகம் கூடக் கூட அதுவும் கூடுகிறது. கதைப்பதற்குச் சத்தம் போட வேண்டியிருக்கிறது. என்னுடைய கார் இப்படி இரையத் தொடங்கியபோது ஒரு கராஜில் டிபரன்சியல் (இயந்திரத்தின் சுழற்சியைச் சில்லுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் கியர்த் தொகுதி) முடிந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். இன்னொரு இடத்தில் ரயர் என்றார்கள். வேறோர் இடத்தில் பழைய கார் என்றால் இரையத்தான் செய்யும், பாட்டைக் கூட்டிவிட்டு ஓடுங்கள் என்றார்கள். கடைசியில் பிழை வலப்பக்கப் பின் சில்லின் பெயாரிங்கில், அதாவது சில்லு இலகுவாகச் சுற்ற உதவும் வளையத்தில், இருந்தது. டிபரன்சியலுக்குக் கேட்ட காசோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமே இல்லை.

நான் சொல்ல வருவது இதுதான். எதையும் கழற்றுவதற்கு முன்னால், எந்தச் சாமானையும் வாங்குவதற்கு முன்னால், காசு செலவில்லாத சோதனைகளை முடித்துவிடுங்கள். சத்தம் எதோடு சேர்ந்து கூடுகிறது, எதோடு குறைகிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அந்தச் சோதனைகளைச் செய்ய நீங்கள் மெக்கானிக்காக இருக்கத் தேவையில்லை.

1. முதலில் காருக்குக் கீழே குனிந்து பாருங்கள்

பின் சில்லுகள் இரண்டுக்கும் நடுவில் உருண்டையான ஓர் இரும்புக் கூடு தெரிகிறதா? அதிலிருந்து நீளமான ஒரு குழாய் முன்னோக்கிக் கியர்ப் பெட்டிக்குப் போகிறதா? அப்படியென்றால் உங்களுடையது பின் சில்லு இழுவைக் கார். மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் ஒக்ஸ்போர்ட் போன்ற பழைய இங்கிலாந்துக் கார்கள், கே.ஈ. 70 கொரோலா, பி 310 சன்னி எல்லாம் இந்த வகை. அந்த உருண்டைக் கூடுதான் டிபரன்சியல், அந்தக் குழாய்தான் புரொப்பெல்லர் ஷாப்ட்.

பி 11, பி 12 சன்னி, மாருதி 800, 1983 இல் வந்த ஈ 80 வரிசைக்குப் பிந்திய பெரும்பாலான கொரோலா செடான்கள் ஆகியவை முன் சில்லு இழுவை. நான்கு சில்லு இழுவை வகைகளை விட்டால், இவற்றின் பின்பக்கத்தில் டிபரன்சியலே கிடையாது. யாராவது உங்களிடம் பின் டிபரன்சியல் இரைகிறது என்று சொன்னால், வேறு கராஜ் தேடுங்கள். சிரிக்க வேண்டாம், இப்படிச் சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

2. ஒரு தாளில் எழுதி வையுங்கள்

கராஜுக்குப் போகும்போது கொண்டுபோக வேண்டிய முதல் ஆவணம் சி.ஆர். எனும் வாகனப் பதிவுப் புத்தகமல்ல, இந்தத் தாள். எந்த வேகத்தில் சத்தம் தொடங்குகிறது, எந்த வேகத்தில் உச்சம், அக்சிலேற்றரை விட்டதும் மாறுகிறதா, வளைவில் மாறுகிறதா, பின்னால் ஆட்கள் ஏறினால் கூடுகிறதா, கார் சூடான பிறகா அல்லது புறப்பட்ட உடனேயா என்று எழுதுங்கள். எப்போது தொடங்கியது என்பதும் முக்கியம். ரயர் மாற்றியதிலிருந்தா? மாரி வெள்ளத்துக்குள் ஓடியதிலிருந்தா? சில்லின் நடுப்பகுதி முங்குமளவு தண்ணீருக்குள் போன காருக்குச் சில வாரம் கழித்துப் பெயாரிங் இரையத் தொடங்குவது நம்முடைய பகுதியில் சாதாரணம். உள்ளே போன தண்ணீர் கிறீஸைக் கெடுத்து, பெயாரிங்கின் பாதையில் துருப்புள்ளி போட்டுவிடும்.

“பின்னால் ஒரு சத்தம் வருது அண்ணை” என்று மட்டும் சொன்னால், அவர் தனக்குப் பழக்கமான வேலையைச் செய்வார். “50 இல் தொடங்குது, நியூட்ரலில் விட்டாலும் நிக்குதில்லை, இடப்பக்கம் வெட்டினால் கூடுது” என்று சொல்லுங்கள். அப்போது அவரும் உங்களை வேறு விதமாகத்தான் பார்ப்பார்.

3. ஓட்டிப் பார்க்கும் சோதனைகள்

இடம் முக்கியம். நகருக்குள் எதையும் கேட்க முடியாது. ஏ 9 வீதியில் கொடிகாமம் தாண்டி ஆனையிறவுப் பக்கம், அல்லது நாவற்குழியில் திரும்பிச் சங்குப்பிட்டிப் பாலம் போகும் வீதி நல்லது. இரண்டிலும் காலையில் வேளைக்கே போய்விடுங்கள். சோளகக் காற்று எழும்பிவிட்டால் அந்த வெட்டவெளியில் காற்றின் இரைச்சலையும் காரின் இரைச்சலையும் பிரித்தறிய முடியாது. நகர்ப்புறத்துக்கு வெளியே கார்களுக்கு உச்ச வேகம் 70. இந்தச் சோதனைகளுக்கு 60 போதும். மாடுகள் வீதியில் படுத்திருக்கும், அதையும் கவனியுங்கள். வாகன வருமான அனுமதிப் பத்திரமும் காப்புறுதிப் பத்திரமும் காலாவதியாகாமல் காரில் இருக்கட்டும். ஒரே வீதியில் மேலும் கீழும் ஓடுபவரைப் பொலிஸ் மறிப்பது இயல்பு.

பின் சீற்றில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பாட்டு, ஏசி, ஜன்னல் எல்லாவற்றையும் பூட்டிவிடுங்கள். டிக்கிக்குள் கிடக்கும் சாமான்களை வீட்டிலேயே இறக்கி வைத்துவிடுங்கள்.

முதலாவது, நியூட்ரல் சோதனை. 60 இல் போகும்போது கிளச்சை மிதித்து நியூட்ரலுக்கு எடுத்து, காரைத் தானாக ஓட விடுங்கள். இயந்திரத்தை நிறுத்தவே வேண்டாம். நிறுத்தினால் பிறேக் இறுகிவிடும், ஸ்டியரிங்கும் பூட்டிக்கொள்ளலாம். சத்தம் உடனே நின்றுவிட்டால் பிழை பெரும்பாலும் இயந்திரம், சைலன்சர், அவற்றின் தாங்கிகள் பக்கம். சத்தம் அப்படியே தொடர்ந்து, வேகம் குறையக் குறைய மெல்ல இறங்கினால் பிழை உருளும் பாகங்களில்: ரயர், பெயாரிங், டிபரன்சியல், ஷாப்ட்.

அடுத்தது, அதே வேகத்தில் கியரை மாற்றிப் பார்ப்பது. 50 இல் மூன்றாம் கியர், பிறகு அதே 50 இல் நான்காம் கியர். சத்தத்தின் சுருதி மாறாவிட்டால் அது வீதி வேகத்தோடு போகும் சத்தம். நியூட்ரல் சோதனையின் முடிவை இது உறுதிப்படுத்தும்.

மூன்றாவதுதான் எனக்கு விடை சொன்னது. முன்னாலும் பின்னாலும் வாகனமில்லாத நேர் வீதியில், 50 அளவில், ஸ்டியரிங்கை மெதுவாக இடமும் வலமுமாக அசைத்து ஓடுங்கள். வெட்டி இழுக்க வேண்டாம், உடம்பு லேசாகச் சாய்ந்தால் போதும். இடப்பக்கம் திருப்பும்போது காரின் பாரம் வலப்பக்கச் சில்லுகளில் விழும். அப்போது இரைச்சல் ஏறினால் சந்தேகம் வலப்பக்கப் பெயாரிங்கில். வலப்பக்கம் திருப்பும்போது ஏறினால் இடப்பக்கத்தில். என்னுடைய காரில் இடப்பக்கம் திருப்பும்போது உறுமல், வலப்பக்கம் திருப்பியதும் முழு அமைதி. பின் சீற்றில் இருந்த மச்சான் நான் கேட்கும் முன்பே “இந்தப் பக்கம்தான்” என்று காலடியைத் தட்டிக் காட்டினார். சில வகைப் பெயாரிங்குகளில் இது மறுவளமாகவும் வரும். ஆகவே இதை மட்டும் வைத்துச் சாமான் வாங்க வேண்டாம், ஜக் வைத்துப் பார்த்து உறுதிப்படுத்துங்கள்.

நான்காவது, வீதியின் மேற்பரப்பு. புதிதாகப் போட்ட வழுவழுப்பான தார்த் துண்டிலிருந்து பழைய சொரசொரப்பான துண்டுக்குப் போகும்போது சத்தத்தின் தன்மையே மாறுகிறதா? மாறினால் ரயர். பெயாரிங்குக்கும் டிபரன்சியலுக்கும் வீதி எப்படி இருந்தாலும் ஒன்றுதான்.

4. ரயர்: எல்லோரும் தாண்டிப் போகும் இடம்

நான் பார்த்த அளவில், பெயாரிங் என்று நினைத்துக் கழற்றப்படும் கார்களில் கனக்க ரயர்ச் சத்தக் கார்கள். ரயர் தேய்ந்த விதத்தைக் கையால் தடவிப் பாருங்கள். மேற்பட்டியின் மேல் உள்ளங்கையை ஒருமுறை முன்னோக்கியும் ஒருமுறை பின்னோக்கியும் இழுங்கள். ஒரு திசையில் வழுக்கி, மறுதிசையில் அரம்பத்தின் பல்லைப் போலக் குத்தினால் அந்த ரயர் இரைந்தே தீரும். மேடு பள்ளமாகக் குழி விழுந்திருந்தால் ஷொக் அப்ஸோபர் போயிருக்கலாம். புது ரயர் மட்டும் போட்டால் அதுவும் அதே கதிக்கு வரும்.

ரயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2315 என்றால் 2015 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்தது. உரிமையாளர் வெளிநாட்டில் இருக்க, மாமரத்துக்குக் கீழே வருடக்கணக்காக நின்ற கார்கள் இங்கே நிறைய விற்பனைக்கு வருகின்றன. “ரயர் புதுசு மாதிரி” என்பார்கள். கட்டை உயரமாகத்தான் இருக்கும், ஆனால் றப்பர் இறுகிப்போய், நிலத்தில் அழுந்திய இடம் தட்டையாகி நிற்கும். அப்படி நின்ற கார் முதல் சில கிலோமீற்றரில் அதிர்ந்து, ரயர் சூடான பிறகு சரியாகினால் அது தட்டை விழுந்த சத்தம். சூடானாலும் சரியாகாவிட்டால் ரயரை மாற்ற வேண்டியதுதான். பழைய ரயருக்கு மேல் புதுப் பட்டி ஒட்டிய ரயர்களும் சிலவேளை பிறந்ததிலிருந்தே இரையும்.

சோதனை சுலபம். பின் ரயர்களை முன்னுக்கும் முன் ரயர்களைப் பின்னுக்கும் மாற்றிப் போட்டு அதே வீதியில் ஓடுங்கள். சத்தம் முன்னுக்கு வந்துவிட்டால் ரயர். அசையாமல் பின்னாலேயே இருந்தால் ரயர் இல்லை. எது எங்கே இருந்தது என்று சோக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் அம்புக்குறி போட்ட ரயரென்றால் இடது இடதாகவே இருக்க வேண்டும். ஜக்கும் நட்டுக் கழற்றும் ஸ்பனரும் இருந்தால் இதற்குச் செலவே இல்லை. ரயர்க் கடையில் கொடுத்தாலும் சிறு கூலிதான்.

5. ஜக் வைத்துப் பார்ப்பது

இதற்கு முன் ஒரு சின்ன வேலை. காலையில் ஒரு பத்துப் பதினைந்து கிலோமீற்றர், பிறேக்கை அதிகம் மிதிக்காமல் ஓடி, தானாக வேகம் குறைய விட்டு நிறுத்துங்கள். நான்கு சில்லுகளின் நடுப்பகுதிக்கும் கிட்டப் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொட்டுவிடாதீர்கள். ஒன்று மட்டும் மற்றவற்றை விடச் சுடுகிறதா? பிறேக் ஷூ உரசுகிறது, அல்லது ஹாண்ட் பிறேக் கேபிள் துருப்பிடித்து இறுகியிருக்கிறது, அல்லது பெயாரிங். பண்ணைப் பாலத்தாலும் காரைநகர்ப் பாலத்தாலும் தினமும் போய்வரும் கார்களில் உப்புக் காற்று கேபிளைத்தான் முதலில் பிடிக்கும். மத்தியானத்தில் இந்தச் சோதனை செய்யாதீர்கள். வெயில் பட்ட பக்கச் சில்லு எப்படியும் சுடும்.

இனி ஜக். இங்கேதான் உயிராபத்து இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பெரும்பாலான கார்களில் ஹாண்ட் பிறேக் பின் சில்லுகளை மட்டும்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் ஹாண்ட் பிறேக் இருந்தும் இல்லாததும் ஒன்று. சில்லைச் சுற்றிப் பார்ப்பதற்காக அதையும் எடுத்துவிட்டு, கியரையும் நியூட்ரலில் விடப் போகிறீர்கள். ஆகவே முன் சில்லுகள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை அடைகொடுங்கள். நம்முடைய முற்றங்கள் மணல், ஜக் புதைந்து சரியும். கீழே அகலமான பலகை ஒன்று போடுங்கள். தூக்கியதும் ஸ்ராண்ட் அல்லது பெரிய மரக்குற்றி முட்டுக்கொடுங்கள். சீமெந்துக் கல்லை வைக்கவே வேண்டாம், அது சத்தமில்லாமல் தாங்கிக்கொண்டிருந்துவிட்டுத் திடீரென நொறுங்கும். என்ன இருந்தாலும் காருக்கு அடியில் தலையை விடாதீர்கள். இந்தச் சோதனைக்கு அது தேவையில்லை.

சில்லின் உச்சியில் ஒரு கை, அடியில் ஒரு கை. மாறி மாறித் தள்ளி இழுங்கள். ‘டக் டக்’ என்று ஆட்டம் தெரிந்தால் பெயாரிங் தேய்ந்துவிட்டது. ஆட்டம் இல்லை என்பதற்காகப் பெயாரிங் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். என்னுடையதில் ஆட்டமே இருக்கவில்லை.

அடுத்து, ஒரு கையால் சில்லை வேகமாகச் சுற்றிவிட்டு, மறுகையின் விரல் நுனிகளை அந்தப் பக்கத்து ஸ்பிரிங்கில் வையுங்கள். நல்ல பெயாரிங் என்றால் விரலுக்கு ஒன்றும் தெரியாது. பழுதான பெயாரிங் என்றால் சுருள்க் கம்பி வழியாக ஒரு மெல்லிய கரகரப்பு விரலுக்கு வந்து சேரும், காதுக்குக் கேட்காவிட்டாலும். இரண்டு பக்கமும் செய்து ஒப்பிட்டால் வித்தியாசம் உடனே பிடிபடும். இலைச் ஸ்பிரிங் உள்ள காரிலும் இதே மாதிரித்தான். பின் சில்லு இழுவைக் காரில் ஒரு சில்லைச் சுற்றும்போது மற்றது எதிர்த்திசையில் சுற்றினால் பயப்பட வேண்டாம், டிபரன்சியலின் இயல்பு அது.

ஒரு பக்கம் மட்டும் ஜக்கில் தூக்கிவிட்டு, இயந்திரத்தை இயக்கிக் கியரில் போட்டுச் சில்லைச் சுற்றவிட்டுக் காட்டும் பழக்கம் சில கராஜ்களில் உண்டு. அந்தச் சில்லு வேகமானி காட்டுவதைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். மற்றச் சில்லு நிலத்தில் பிடித்தால் கார் பாயும். உங்கள் காரில் அப்படிச் செய்ய விடாதீர்கள்.

6. டிபரன்சியலும் ஷாப்ட்டும்

முன் சில்லு இழுவைக் காரென்றால் இதைத் தாண்டிப் போங்கள்.

டிபரன்சியலின் சத்தத்துக்கும் சில்லுப் பெயாரிங்கின் சத்தத்துக்கும் வித்தியாசம் உண்டு. டிபரன்சியலுக்குள் போகும் ஷாப்ட் சில்லை விட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாகச் சுற்றுகிறது. ஆகவே அதன் சத்தம் பெரும்பாலும் மெல்லிய, உயர்ந்த ‘ஈஈ’ என்ற கூவல். சில்லுப் பெயாரிங்கினுடையது தாழ்ந்த ‘ஊம்’. இன்னொன்று, டிபரன்சியலின் பற்கள் தேய்ந்திருந்தால் சத்தம் உங்கள் காலுக்குக் கட்டுப்படும். அக்சிலேற்றரை மிதிக்கும்போது கூவி, விட்டதும் நின்றால், அல்லது மிதிக்கும்போது அமைதியாக இருந்து விட்டதும் கூவினால், சந்தேகம் அந்தப் பற்களில். வளைவில் மட்டும் உள்ளே கறகறத்தால் நடுவிலுள்ள சிறு கியர்கள். புறப்படும்போது ஒரு ‘டொக்’, 50 க்கு மேலே இருக்கையே அதிரும் நடுக்கம் என்றால் ஷாப்ட்டின் குறொஸ் ஜொயின்ற். அதை மாற்றுவது டிபரன்சியலைத் தொடுவதை விட எவ்வளவோ மலிவு.

எப்படியிருந்தாலும் முதலில் ஓயில். பழைய கார் வாங்கியவர்கள் இயந்திர ஓயிலைத்தான் மாற்றுவார்கள், டிபரன்சியலுக்கும் ஓயில் இருக்கிறது என்பது பலருக்கு நினைவே வராது. சிறிய கார்களுக்கு அது ஒரு லீற்றர், சற்றுக் கூடக் குறைய. 80 டபிள்யூ 90 அல்லது 90 என்று போட்ட, ஜி.எல். 5 தர கியர் ஓயில் கேளுங்கள். ஒரு எச்சரிக்கை: வடிக்கும் நட்டைக் கழற்றும் முன், மேலே நிரப்பும் நட்டு கழருகிறதா என்று பாருங்கள். ஓயிலை முழுக்க வடித்துவிட்டு, நிரப்பும் நட்டு துருப்பிடித்து இறுகி அசைய மறுத்தால் கார் அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

வடித்த ஓயிலை வெள்ளைப் பாத்திரத்தில் பிடியுங்கள். சாம்பல் நிறப் பசையாகக் கொஞ்சம் இருப்பது வழமை. பால் கலந்த நிறமென்றால் தண்ணீர் போயிருக்கிறது. மினுங்கும் துண்டுகள், செதில்களாக உடைந்த இரும்பு வந்தால் பிழை உள்ளேதான், திறந்து பார்க்காமல் வழியில்லை. ஓயில் வெறுமனே குறைந்திருந்தால் நிரப்பிக் கொஞ்ச நாள் ஓடுங்கள். சத்தம் அடங்காவிட்டாலும் கூடாமல் நிற்கலாம். தடிப்பான ஓயிலைப் போட்டுச் சத்தத்தை மறைத்து விற்பவர்களும் உண்டு, அதையும் மனதில் வையுங்கள்.

7. சைலன்சர், கரியர்

நியூட்ரலில் நின்றுவிடும் சத்தமென்றால், காரை நிறுத்தி வைத்து இயந்திரத்தின் வேகத்தை மட்டும் மெதுவாக ஏற்றுங்கள். ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் ‘பூம்’ என்று முழங்கிவிட்டு அடங்கினால், பின் சைலன்சரைத் தொங்கவிடும் றப்பர் அறுந்து குழாய் உடம்பில் தொடுகிறது. அல்லது சைலன்சர் துருப்பிடித்து ஓட்டையாகியிருக்கிறது. றப்பர் மலிவான சாமான். ஓட்டையென்றால் ஒட்டு வேலை செய்பவரிடம் போங்கள். வாகன வருமான அனுமதிப் பத்திரம் புதுப்பிக்க முன் எடுக்கும் புகைப் பரிசோதனைக்கு முன்பே இதை முடித்துவிடுங்கள், ஒரு வேலையில் இரண்டு காரியம்.

கூரையில் கரியர் பூட்டியிருந்தால் ஒருமுறை கழற்றிவிட்டு ஓடிப் பாருங்கள். 60 க்கு மேலே காற்றில் அது ஊதும் சத்தம் பின் சீற்றுக்குள்தான் கேட்கும்.

8. கராஜில் என்ன கதைப்பது, என்ன கொடுப்பது

சி.ஆர். மூலப் பிரதியைக் காரோடு விட்டுவிட்டு வராதீர்கள். சாமான் தேடுவதற்குச் செஸி இலக்கமும் மாடலும் உற்பத்தி ஆண்டும் தேவை என்பார்கள், போட்டோப் பிரதி போதும். ரொயோட்டாக்களில் பொனற்றுக்குள் இருக்கும் சிறு தகட்டைப் படமெடுத்து வையுங்கள். அதில் கியர்ப் பெட்டிக்கும் ஆக்சிலுக்கும் உரிய குறியீடு இருக்கும். ஒரே மாடலில் இரண்டு மூன்று வகை ஆக்சில் வந்திருக்கும்போது அந்தக் குறியீடு இல்லாமல் வாங்கும் சாமான் பெரும்பாலும் பொருந்தாது. காப்புறுதி நடைமுறையில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஓட்டிப் பார்க்கப் போவது கராஜ்காரர், பத்திரம் உங்களுடையது.

பின் இவற்றை முன்கூட்டியே கேளுங்கள். பெயாரிங் இழுக்கும் புல்லரும் அழுத்தும் பிறெஸ்ஸும் அவர்களிடம் இருக்கிறதா, இல்லை லேத் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டுமா? லேத் கூலி யாருடைய கணக்கில்? ஓயில் சீல் (ஓயில் கசியாமல் தடுக்கும் வளையம்) கணக்கில் சேர்ந்திருக்கிறதா? ஆக்சிலை வெளியே இழுத்தால் சீல் புதிதாகப் போட்டே ஆக வேண்டும். பழைய சீலையே திரும்பப் போட்டால் கியர் ஓயில் பிறேக் டிரம்முக்குள் வடிந்து ஷூவை நனைத்துவிடும், பிறகு பிறேக் பிடிக்காது. கே.ஈ. 70 போன்றவற்றில் பெயாரிங்கைப் பிடித்து வைக்கும் ஒரு வளையமும் உண்டு, அது ஒருமுறை கழற்றினால் முடிந்தது. அதையும் புதிதாக வாங்க வேண்டும். சில பழைய இங்கிலாந்துக் கார்களில் இடப்பக்கச் சில்லின் நடு நட்டுக்கு மறுபுரி. பழக்கமில்லாத கை அதை இறுக்கிக்கொண்டே இருந்து புரியை உடைத்துவிடும். அந்தக் கார்களுக்கு அவற்றிலேயே வளர்ந்த பெரியவர்களைத் தேடிப் போங்கள். யாழ்ப்பாணத்தில் இன்னும் இருக்கிறார்கள்.

கழற்றிய பழைய சாமானை உங்களிடம் தரச் சொல்லுங்கள். கழுவித் துடைத்து விரலால் சுற்றினால் கரகரப்புத் தெரியும். தெரியாவிட்டால் கழற்றியது தவறான சாமான்.

9. சாமான் வாங்குவது

பெயாரிங்கின் வளையத்தில் ஓர் இலக்கம் பொறித்திருக்கும். அதுதான் அதன் பெயர். உதாரணமாக 6207 என்றால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்குங்கள்: உள் விட்டம் 35 மில்லிமீற்றர். பின்னால் 2 ஆர்.எஸ். என்று வந்தால் இரண்டு பக்கமும் றப்பர் மூடி, இசட் இசட் என்றால் இரும்பு மூடி, சி 3 என்றால் உள்ளிடைவெளி கூடிய வகை. பின்னொட்டு உட்பட அப்படியே வாங்குங்கள். கார்ச் சாமான் கடையில் மாடல் சொல்லிக் கேட்பதை விட, பெயாரிங் கடையில் இலக்கம் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் மலிவு. கோயோ, என்.டி.என்., என்.எஸ்.கே., எஸ்.கே.எஃப். எல்லாவற்றுக்கும் போலி உண்டு. பொறித்த எழுத்து மங்கலாகவோ கோணலாகவோ இருந்தால், விலை நம்ப முடியாதபடி குறைவாக இருந்தால் வேண்டாம்.

இங்கே கிடைக்காவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தை. நேரே போகத் தேவையில்லை. பழைய சாமானின் படம், இலக்கம், செஸி இலக்கம் எல்லாவற்றையும் கடைக்கு அனுப்பி, பொருந்தாவிட்டால் திருப்பி எடுப்பார்களா என்று கேட்டுவிட்டுக் காசு போடுங்கள். இரவு பஸ்ஸில் பார்சல் போட்டால் விடிய இங்கே நிற்கும். பில்லில் பெயாரிங் இலக்கத்தை எழுதச் சொல்லுங்கள். வெறுமனே “பெயாரிங் 1” என்று எழுதிய பில்லை வைத்துக்கொண்டு திருப்பிக் கொடுக்க முடியாது.

டிபரன்சியலே மாற்ற வேண்டி வந்தால், கழற்றி விற்கும் பழைய டிபரன்சியல்தான் வரும். பல் விகிதம் உங்களுடையதோடு பொருந்த வேண்டும். உங்களுடையதை அறிய, ஒரு பின் சில்லு நிலத்தில் இருக்க மற்றதைத் தூக்கி, கியரை நியூட்ரலில் விட்டு, தூக்கிய சில்லைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். ஷாப்ட் நான்கு சுற்றும் இன்னும் ஒரு சிறு பங்கும் சுற்றினால் விகிதம் 4.1 அளவில். வேறு விகிதம் போட்டால் வேகமானி பிழையாகக் காட்டும், இயந்திரமும் தேவையில்லாமல் கத்தும். இயந்திரம் மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். டிபரன்சியலின் இலக்கம் சி.ஆரில் இல்லை, ஆகவே அந்த அலைச்சல் இல்லை.

10. காசும் காலமும்

சாமான் விலையை வாங்கும் அன்றைக்கு இரண்டு கடையிலாவது கேளுங்கள், அடிக்கடி மாறுகிறது. ஆனால் வரிசை மாறாது. ரயர் இடம் மாற்றுவது, சைலன்சர் றப்பர், டிபரன்சியல் ஓயில் மூன்றும் அடிமட்டச் செலவு. சில்லுப் பெயாரிங், குறொஸ் ஜொயின்ற் நடுத்தரம், இதில் கூலி சிலவேளை சாமானின் விலையைத் தாண்டும். நான்கு ரயர் அதற்கு மேலே. எல்லாவற்றுக்கும் மேலே டிபரன்சியல். கராஜில் இந்த வரிசையின் மேல்ப்படியிலிருந்து தொடங்கினால் காரணம் கேளுங்கள்.

சாமான் கையில் இருந்தால் ஒரு பக்கப் பெயாரிங் அரைநாள் வேலை, லேத்துக்குப் போனால் ஒரு நாள். சாமான் வந்து சேர்ந்த பிறகே காரைக் கழற்ற விடுங்கள். முதலே கழற்றினால் கார் முட்டுக்கட்டையில் ஏறி நிற்கும், அவர்களும் அடுத்த காருக்குப் போய்விடுவார்கள். தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, நல்லூர்த் திருவிழாவின் கடைசி நாள்கள், போயா தினங்கள் இவற்றை ஒட்டி வேலை கொடுக்காதீர்கள். சித்திரையில் பஞ்சிகாவத்தையும் பூட்டு.

லேசாக இரையும் பெயாரிங்கோடு வேலைக்குப் போய்வரலாமா என்று கேட்பார்கள். ஆட்டம் இல்லாமல், சில்லு சுடாமல் இருந்தால் சாமான் வரும் வரை ஊருக்குள் மெதுவாக ஓடலாம். ஆட்டம் இருந்தால், சுட்டால், இரைச்சல் கரகரப்பாக மாறினால் காரை நிறுத்துங்கள். கொழும்புப் பயணம் எந்த நிலையிலும் வேண்டாம்.

11. பூட்டிய பிறகு

காசு கொடுக்கும் முன் அதே வீதியில், அதே வேகத்தில், மெக்கானிக்கையும் ஏற்றிக்கொண்டு ஓடுங்கள். முதல் இருபது கிலோமீற்றரில் நிறுத்திச் சில்லின் சூட்டை மீண்டும் பாருங்கள். லேசான சூடு சரி, கை வைக்க முடியாத சூடு சரியில்லை. சில முன் சில்லு இழுவைக் கார்களின் பின் சில்லில் கூம்பு வடிவப் பெயாரிங் இரண்டு இருக்கும். அவற்றின் நட்டை மிகைப்பட இறுக்கினால் புதுப் பெயாரிங்கும் சூடேறி இரையும், தளர்த்திச் சரிசெய்தால் போதும். நூறு கிலோமீற்றருக்குள் சில்லு நட்டுகளைத் திரும்ப ஒருமுறை இறுக்குங்கள். ஒரு வாரம் கழித்துச் சில்லின் உட்பக்கத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். ஓயில் கசிவு ஒட்டினால் சீல் சரியாக உட்காரவில்லை. பில்லையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே கராஜுக்குத் திரும்பிப் போங்கள்.